பல்செட்டுக்கும் உண்டு பரீட்சை



ஒரு திருமண விருந்து. முதியவர் ஒருவர் முறுக்கை எடுத்துக் கடிக்கிறார். ‘டக்’கென்று ஒரு சத்தம். உடைந்தது முறுக்கல்ல, அவருடைய மேல் பல்செட்டு! கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர், அதன்பிறகு எந்த விருந்துக்கும் வருவதில்லை. வீட்டிலும் கஞ்சிதான். பேரப்பிள்ளைகளிடம் பேசக்கூடக் கூச்சம். ‘பல் போனால் சொல் போச்சு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எல்லாரும் முறுக்கின் மேல் பழி போடுவார்கள். ஆனால் குற்றவாளி முறுக்கா?

செயற்கைப் பல்லின் கதை பழையது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவியேற்றபோது அவர் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல்தான். நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய பல்செட்டை அவர் அணிந்தார். பின்னர் கெட்டியாக்கப்பட்ட ரப்பர் வந்தது. அதன் காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் பல் மருத்துவர்களிடம் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குப் போட்டது. இந்தப் பகை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேகனை ஒரு பல் மருத்துவர் சுட்டுக் கொல்லும் அளவுக்குப் போனது. பல்செட்டுக்காக ஓர் உயிரே போயிருக்கிறது!

1930-களின் பிற்பகுதியில் வந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்தான் இன்றைக்கும் பெரும்பாலான பல்செட்டுகளில் ஈறு நிறத்தில் தெரியும் பகுதி. அதன் பொடியையும் திரவத்தையும் கலந்து, மாவுபோல் ஆனதும் அச்சில் அழுத்தி, வெந்நீரில் வேகவைக்கிறார்கள். ஏறக்குறைய 74 பாகை செல்சியஸ் சூட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது நெடுநாள் வழக்கம். அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால் என்ன ஆகும்? அந்தத் திரவம் 100 பாகையை ஒட்டிய சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தடித்த பகுதிகளுக்குள் குமிழிகள் தங்கிவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. பிற்காலத்து விரிசலுக்கு வித்து அங்கேயே விழுந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் பரீட்சை. ஐ.எஸ்.ஓ. 20795 என்ற அனைத்துலகத் தரவிதி இருக்கிறது. 64 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 3.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அக்ரிலிக் பட்டையை, உடல் சூடான 37 பாகை நீரில் சுமார் 50 மணி நேரம் ஊறவைப்பார்கள். வாய் என்பது எப்போதும் ஈரமான இடமல்லவா! பின்னர் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மீது அதை வைத்து, நடுவில் மெல்ல மெல்ல அழுத்துவார்கள். வேகவைத்த அக்ரிலிக் குறைந்தது 65 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எளிமையாகச் சொன்னால், அந்தச் சிறு பட்டையின் நடுவில் ஒன்பதரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் அது உடையக்கூடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. சரியாக வேகாத பல்செட்டில் அந்தத் திரவம் மிச்சமிருக்கும். அது சிலருக்கு வாய் எரிச்சலையும் ஒவ்வாமையையும் தரும். வேகவைத்த அக்ரிலிக்கில் மிச்சம் 2.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அதே விதி.

சிலருக்கு உலோகச் சட்டம் வைத்த பல்செட்டு பொருத்தப்படுகிறது. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம் அது. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுக்கலவை ஊற்றி, மெழுகை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தைச் செலுத்துவார்கள். ஐம்பொன் சிலை வார்க்கும் அதே முறைதான்! ஆறும்போது இந்த உலோகம் சுமார் 2 விழுக்காடு சுருங்குகிறது. அந்த அளவுக்கு அச்சு முன்கூட்டியே விரிந்து கொடுக்காவிட்டால் சட்டம் வாயில் உட்காராது. வார்ப்புக்குள் காற்றுக்குழிகள் இருந்தால், பல்லைப் பிடிக்கும் கொக்கி அங்கேதான் முறியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிகளை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

பொருள் தேறினாலும் வாய் மாறிக்கொண்டே இருக்கிறது. பல் இழந்த தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்கிறது. பல்செட்டு ஆடத் தொடங்குகிறது. ஒவ்வொரு மெல்லுதலிலும் அது சற்றே வளைந்து நிமிர்கிறது. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தும் கம்பி ஒருநாள் ஒடிவதுபோல், மேல் பல்செட்டு நடுவில் பிளக்கிறது. முறுக்கு வெறும் சாட்சிதான்!

ஆகவே நேயர்களே, மலிவாகக் கிடைக்கிறதென்று வீட்டுக்கு வந்து பல் கட்டுபவர்களை நம்பாதீர்கள். பதிவு பெறாமல் தனியார் பல் கிளினிக் நடத்தினால் மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எந்தப் பொருள், எப்படி வேகவைத்தது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை பொருத்தத்தைச் சரிபாருங்கள். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், கைதவறினாலும் உடையாது. கொதிநீரில் போடாதீர்கள், வடிவம் மாறிவிடும். உடைந்தால் கடைப் பசையால் ஒட்டாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சில நாள்களாகக் கஞ்சி மட்டும் கேட்கிறாரா? பசியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, “பல் வலிக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.