மலிவு விலைக் கைத்துப்பாக்கி: வாங்குமுன் கேட்க வேண்டியது

அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்கள் இடுப்பில், சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் சிறு பிஸ்டல்களைப் பற்றி இன்று பேசுகிறேன். அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படி எடுத்துச் செல்லத் தனி உரிமம்கூடத் தேவையில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர் கடைக்குப் போனால், பெரும்பாலும் அவர் முன் வைக்கப்படுவது பிரேசில் நிறுவனமான டாரஸின் ஜி2சி போன்ற மாடல்தான். 9 மில்லிமீட்டர் தோட்டா, 3.2 அங்குலக் குழல், மேகசினில் 12 தோட்டாக்கள். விலையோ பெயர்பெற்ற பிஸ்டல்களைவிட மிகக் குறைவு.

பூச்சிலும் மெருகிலும் சிக்கனம் பிடித்தால் யாருக்கும் கேடில்லை. நான் முதலில் கேட்பது வேறு: கீழே விழுந்தால் இது வெடிக்குமா? விசையை இழுத்தால் மட்டுமே உள்ளே இருக்கும் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்த வேண்டும். ஆனால் தரையில் மோதும் அதிர்ச்சியில் ஊசியோ விசையோ தன் எடையாலேயே நகர்ந்துவிடலாம். ஊசி அப்படி நகர்வதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு தடைக்கட்டை வைக்கிறார்கள். பழைய டாரஸ் மாடல்கள் ஒன்பது விழுந்தால் சுடுகின்றன என்று வழக்கு வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தாலும் 2015-இல் சமரசத்துக்கு உடன்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் பிஸ்டல்கள் அதில் அடங்கின. ஜி2சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பழைய மாடல்கள் கைமாறி இன்னும் மலிவாகக் கிடைக்கக்கூடும் என்பதால், பழசு வாங்குபவர் மாடல் பெயரைப் பார்த்தே ஆக வேண்டும்.

விலை கூடினால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த பிஸ்டல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320-களின் விசையை எடை குறைந்ததாக மாற்றித் தர அந்நிறுவனமே முன்வந்தது. காரணம், விழும்போது சுடும் சிக்கல்தான்.

குழந்தைத் தொட்டிலில் குறையிருந்தால் திரும்பப் பெறச் சொல்லும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அந்த அதிகாரம் கிடையாது. 1970-களின் சட்டமே அதை விலக்கிவிட்டது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையைக் கேட்கின்றன. துப்பாக்கிக்குக் கிடைத்த இந்த விலக்கு எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. மற்ற மாநிலங்களில் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

அடுத்தது, சுட வேண்டிய நேரத்தில் சுடுகிறதா என்பது. தற்காப்புத் தோட்டாவின் முனை குழிந்து மழுங்கி இருப்பதால், குழலுக்குள் ஏறும்போது சில பிஸ்டல்களில் சிக்கும். பயிற்சித் தோட்டா நன்றாக ஓடியது என்பதை நம்பாமல், எடுத்துச் செல்லப்போகும் அதே தோட்டாவையும் சுட்டுப் பார்க்க வேண்டும். குட்டைக் குழலில் உதைப்பு அதிகம், குறி தவறுவதும் எளிது. ஆகவே பிஸ்டலில் மிச்சம் பிடித்த காசு பயிற்சிக்கும், விசையை முழுதாக மூடும் உறைக்கும் போகட்டும்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டகத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள் என்பேன். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் குழந்தையோ மனம் உடைந்த ஒருவரோ இருந்தால், எந்த மாடல் என்ற பேச்சுக்கு முன்பே, இப்போது வாங்கத்தான் வேண்டுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.