ஆட்கொல்லி என்று யாரைச் சொல்வது?



ஆளைக் கொன்ற விலங்கைப் பழிக்குப் பழியாகக் கொல்லலாமா என்று பேசச் சொன்னீர்கள். சென்னையில் இது விவாதத் தலைப்பு. எங்கள் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது சாலை மறியல். நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். என் பாட்டி இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவர். ஆகவே நடுநிலை வேடமெல்லாம் எனக்கு வராது. மறியலில் உட்கார்ந்தவர்கள் பக்கமிருந்துதான் பேசப் போகிறேன்.

2024 ஜனவரியில் பந்தலூர் அருகே 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை தேயிலைச் செடிகளுக்குள் இழுத்துச் சென்று கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாளே மயக்க ஊசி போட்டுச் சிறுத்தையைப் பிடித்து வண்டலூருக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் "சுட்டுக் கொல்" என்று கத்தினால், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுத நகரத்தில் ஆள் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறது. எங்கள் லைன்களில் பலருக்கு இன்றும் அது இருட்டைத் தாண்டித்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் படியுங்கள். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் கொல்ல உத்தரவிடலாம். பாயும் விலங்கைத் தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமே இல்லை. எனக்கு இதில் தயக்கம் கிடையாது. மனிதரைத் தேடி வரும் ஒரு புலியை வேறு வழியில் தடுக்க முடியாவிட்டால் சுடத்தான் வேண்டும். அடுத்து சாகப் போகிறவர் எங்கள் தெருக்காரர்.

ஆனால் அது பழிவாங்கல் அல்ல. பழிவாங்கல் என்பது நஞ்சு, சுருக்குக் கம்பி, மின்கம்பி. இவற்றுக்கு எந்தப் புலி என்று தெரியாது. 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே 2 புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில் அந்த மாட்டின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. இரண்டில் எது மாட்டை அடித்தது என்று நஞ்சு விசாரித்தா கொன்றது?

2021இல் டி23 புலிக்கு முதலில் வேட்டை உத்தரவுதான் போட்டார்கள். உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சுமார் 3 வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடித்தார்கள். தடம் பார்த்துக் கொடுத்ததில் பழங்குடித் தோழர்களின் பங்கு பெரியது. டிரோன், கும்கி யானை எல்லாம் செய்தியில் வந்தன. தடம் பார்த்தவருடைய சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா என்பது எத்தனை செய்தியில் வந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலங்கை வதைப்பவர் ஏழைக் குடியானவர்தான் என்ற படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை யானையின் மீது வீசினார்களே, அந்த யானை செத்ததே, அது எங்கே நடந்தது? குடிசையில் அல்ல, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியில். காட்டைக் காட்டிக் காசு பார்க்கும் தொழிலில்.

சாகிறவர் யார் என்று பாருங்கள். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். அதன் அடியில் சிறுத்தை படுத்திருக்கும், குட்டியும் போடும். கொழுந்து பறிப்பவர் குனிந்தே நிற்பார். மாலையில் பாதையோரம் நடக்கும் குழந்தை, சிறுத்தையின் கண்ணுக்கு ஆடு மாதிரி. பெண் தொழிலாளர்கள் அதிகமுள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், குடியிருப்பும் கழிப்பறையும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. கூடலூரில் 17ஆவது பிரிவு நிலம் என்ற ஒரே காரணத்தால் மின் இணைப்பு கிடைக்காமல் தலைமுறையாக இருட்டில் வாழ்ந்த வீடுகள் உண்டு. 1964 ஒப்பந்தப்படி இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிலம் கொடுக்கவில்லை, காட்டோரத்தில் வேலை கொடுத்தார்கள்.

கேரளத்திலும் இதே கதைதான். நிலம் கேட்டு ஆதிவாசிகள் போராடிய பிறகு, 2000களின் தொடக்கத்தில் சின்னக்கானலில் 301 குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். யானை நடமாடும் இடம் அது. வனத்துறைக்குள்ளேயே எச்சரிக்கை இருந்தது. நல்ல நிலமெல்லாம் யார் கையில் இருந்ததோ அவர்களைத் தொட மனம் வரவில்லை. யானைக் காட்டை எடுத்து ஆதிவாசிக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள் வெளியேறிவிட்டன. அரிக்கொம்பனை 2023இல் பிடித்துப் பெரியாறுக்கும், பிறகு கம்பத்தில் பிடித்து முண்டந்துறைக்கும் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தவர்களை யாரும் லாரியில் ஏற்றவில்லை.

"ஆட்கொல்லி" என்ற சொல் பத்திரிகையில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள். மலக்குழியில் ஆள் இறக்கிக் கொன்ற ஒப்பந்ததாரருக்கு அந்தச் சொல்லை யாரும் போட்டதில்லை.

ஒரு தோழர் கேட்டார்: "நீங்கள் நிலம், வரலாறு என்கிறீர்கள். இன்று ராத்திரி அது வாசலில் நிற்கிறதே?" நியாயமான கேள்வி. இன்று ராத்திரிக்குக் கூண்டு வை, ரோந்து விடு, தேவையானால் சுடு என்றுதான் நானும் கேட்பேன். ஆனால் கூண்டு ஏறியதும் மறியல் கலைந்துவிடுகிறது. அடுத்த வாரமே வேறொரு சிறுத்தை அதே புதருக்கு வந்து படுக்கும். புதரும் இருட்டும் அப்படியே இருக்கும். இழப்பீட்டுத் தொகை அறிவிப்போடு எல்லாருக்கும் கணக்கு முடிந்துபோகிறது. ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு இங்கே ஓட்டு இல்லை. அவர் உடலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார், கேட்க ஆளில்லை.

ஆகவே அடுத்த முறை வனத்துறை அலுவலகத்தோடு நிற்க வேண்டாம். எஸ்டேட் அலுவலக வாசலிலும் உட்காருவோம். பாதையோரம் 10 அடிக்குப் புதர் வெட்டு. லைனுக்கு லைன் விளக்குப் போடு. கழிப்பறையை வீட்டோடு கட்டு. காப்பகத்தைத் திற, பிள்ளைகளைக் கூட்டிவர வண்டி விடு. தடம் பார்க்கும் பழங்குடித் தோழர்களை நிரந்தரமாக்கு. இதில் ஒன்றுக்குக்கூட துப்பாக்கி உரிமம் தேவையில்லை. கோரிக்கை மனு எழுதி வைத்திருக்கிறோம், கூட்டம் முடிந்ததும் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இந்தித் தெரிந்தவர்கள் கொஞ்சம் நில்லுங்கள், லைன்களில் பேச ஆள் வேண்டும்.