உத்தியோகப் பரீட்சையில் கேட்ட கேள்விகள்

(நெரவியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அன்னிய தேசத்தில் உத்தியோகம் தேடச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். யான் பேச்சில் வல்லவனல்லன், கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆகையால் எனக்கு நேர்ந்ததை உள்ளவாறே சொல்லுகிறேன்.

பிரான்ஸ் தேசம் நமக்குப் புதிதன்று. 1739-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1-ந் தேதிதான் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. இடைக்காலத்தில் நம் பக்கத்தார் பலர் உத்தியோகஸ்தராகவும் சொல்தாக்களாகவும் சைகோனுக்குக் கப்பலேறினர். 1881-ஆம் வருஷத்து ஆக்ஞைப்படி தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து, புதிதாய் ஒரு குடும்பப் பெயர் பூண்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பெயரை மாற்றியும், சம்பளத்திலும் படியிலும் வெள்ளைக்காரரோடு சமமாக எண்ணப்படுவதற்கு அவர்கள் வாதாடவே நேர்ந்தது.

1956-ல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அமுலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்பினோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. தவணை மாசி மாதத்தில் முடிந்தது. அப்போது களத்தில் நெல் கிடந்ததென்றும், காகிதத்தை நினைக்க யாருக்கு நேரம் இருந்ததென்றும் என் தகப்பனார் சொல்வார். அடுத்த வீட்டார் எழுதிக்கொடுத்தனர். அதனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை அத்தேசத்துக் குடியாகப் பாரிஸில் இறங்கினான். யான் அன்னியனாக இறங்கினேன்.

அங்கே இரண்டு வருஷம் கணக்கியல் பயின்றபின், 1996-ல் நகரத்திற்கு வெளியே ஒரு கம்பெனியில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பம் செய்தேன். ஒன்பது மணிக்கு வரச்சொன்னவர்கள் பதினொரு மணிக்கு உள்ளே அழைத்தனர். இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் என் பெயரை மூன்று விதமாக வாசித்துப் பார்த்துச் சிரித்தார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தகப்பனார் பெயர் இருந்தமையால், "இவ்விரண்டில் நீர் யார்?" என்றார். "எங்கள் வாயில் நுழையும் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாகாதா?" என்றார் மற்றவர். பிறகு, விவாகமாயிற்றா, எத்தனை பிள்ளைகள், ஊருக்குப் போனால் திரும்புவீரா, மத்தியானம் எந்த உணவு கொண்டுவருவீர், அதன் வாசனை அறை முழுதும் பரவுமோ என்றெல்லாம் கேள்விகள். பேரேட்டைப் பற்றியோ ஐந்தொகையைப் பற்றியோ ஒரு கேள்வியுமில்லை. யான் எழுதிக் கொண்டுபோன கணக்கு மாதிரிகள் மடியிலேயே இருந்தன. முடிவில், "கடிதம் எழுதுகிறோம்" என்றனர். கடிதம் வரவில்லை.

இளைஞர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். 1992 டிசம்பர் 31-ந் தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டத்தின்படி, வேலைக்கு வந்தவனைக் கேட்கும் கேள்விகள் அவ்வேலைக்குரிய தகுதியை அறிவதற்கே உரியனவாய், வேலையோடு நேரான சம்பந்தமுடையனவாய் இருத்தல் வேண்டும். இது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. தங்கும் அனுமதிச் சீட்டையும் வேலை செய்யும் அனுமதியையும் கேட்பது முறையே. அதைப் பார்க்க முதலாளி கடமைப்பட்டவன். அவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் பிறப்பையும் காரணமாகக் கொண்டு ஒருவனைத் தள்ளுவதோ அங்கே குற்றம். இதற்கென உரிமைக் காப்பாளர் என்ற பதவி 2011 முதல் இருந்துவருகிறது. அங்கே முறையிடக் கட்டணமில்லை. கேட்ட கேள்விகளை அன்றிரவே தேதியோடு எழுதிவைத்துக்கொண்டால் முறையிடுவது எளிது.

இதுவரை சொன்னதற்காகவே என்னை அழைத்தார்கள். இனிச் சொல்வதற்குச் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

அன்று புறநகர் ரயிலில் திரும்பும்போது எனக்குக் கோபமே நிறைந்திருந்தது. பாதி வழியில் வேறொரு நினைவு வந்தது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, என் தகப்பனாரின் நெல் மண்டிக்குக் கணக்கெழுதும் வேலை கேட்டு ஒரு பிள்ளை வந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். துவைத்த சட்டை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தகப்பனார் அன்பாகவே பேசினார்; அவர் கடிந்து பேசி யான் கேட்டதில்லை. "எந்த ஊர்? எந்தத் தெரு? யார் மகன்?" என்ற மூன்று கேள்விகளையே கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னதும் அப்பிள்ளை தலை குனிந்தான், பதில் இன்னதென்று முன்பே அறிந்தவனைப்போல. "சொல்லியனுப்புகிறேன்" என்றார் தகப்பனார். நோட்டுப் புத்தகத்தை அவர் திறந்து பார்க்கவில்லை. திண்ணையில் இருந்த யான் அதை வாங்கிப் பார்த்தேன். இலக்கங்கள் முத்துக் கோத்தாற்போல் இருந்தன. என் கையெழுத்து இன்றைக்கும் அப்படியில்லை.

அவ்வேலை பின்பு நம்மவர் பிள்ளை ஒருவனுக்குக் கிடைத்தது. ஐந்தொகையில் அவன் செய்த பிழைகளை இரண்டு வருஷம் யானே உட்கார்ந்து திருத்தினேன்.

பாரிஸில் என்னைக் கேட்ட இருவரையும் யான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆயினும், அவர்கள் கேட்டதற்கும் எங்கள் மண்டியில் கேட்டதற்கும் வித்தியாசம் யாதென்று ரயிலில் வெகுநேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இச்சபையில் கடையும் மில்லும் வைத்திருப்போர் பலர் இருக்கின்றீர்கள். உங்களிடமும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள்.

அப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பவேயில்லை. பிறகு அவன் எங்கே போனானென்று யானும் விசாரித்ததில்லை.