இயக்கமே அடையாளம்

சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராக விளங்கிய குன்னார் யொஹான்சன், ஒரு மனிதனுடைய தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, அப்புள்ளிகள் மட்டுமே புலப்படும்படி இருளில் படமெடுத்து, தாம் கண்டவற்றை 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மனிதன் நாற்காலியில் அசைவற்று உட்கார்ந்திருந்த வரையில், பார்த்தவர்களுக்கு அவை அர்த்தமற்ற புள்ளிகளாகவே தோன்றின; அவன் எழுந்து நடக்கத் தொடங்கிய க்ஷணத்திலோ, ‘மனிதன் நடக்கிறான்’ என்று தெளிந்துகொண்டார்கள்.

நம் கண்ணுக்கு இயல்பாக வாய்த்த இந்தச் சக்தியைக் கம்ப்யூட்டருக்கும் அளிக்க விஞ்ஞானிகள் முயன்றதன் பலனாக, 2010-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கினெக்ட் என்ற சாதனம் வெளிவந்தது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை விழும் நிலையைக் கொண்டு தூரத்தை அளந்து, விநாடிக்கு 30 தடவை, உடலின் 20 இடங்களைக் கணித்தது. பின்னர் வந்த முறைகளுக்கோ சாதாரணக் காமிராவே போதுமாயிற்று.

ஆயினும், களைத்துப்போய்க் கட்டிலில் தொப்பென்று சாய்கிறவரையும், கால் தடுக்கித் தரையில் விழுகிறவரையும் பேதப்படுத்தி அறிவது கம்ப்யூட்டருக்கு இன்றும் சிரமமான காரியந்தான். வீட்டில் தனித்திருக்கும் ஒரு முதியவர் விழுந்த மாத்திரத்தில் அயலாரை அழைக்கும் கருவிக்கு, அவருடைய முகம் வேண்டியதில்லை. மூட்டுக்களின் சலனமே போதும். ஆகையால், அவருடைய அந்தரங்கத்துக்குப் பங்கம் நேராமல் இவ்வித்தையைப் பயன்படுத்துவதே நம் கடமையாகும்.