தோளில் வைத்த கை

உறுதிபூசுதல் நாளில் ஆயர் பிள்ளையின் நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசும்போது, ஞானப்பெற்றோர் அதன் தோளில் கை வைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விருந்து முடிந்ததும் அந்தக் கை இறங்கிவிடுகிறது. மறைக்கல்வியும் அன்றோடு நின்றுவிடுகிறது. சில மாதங்களில் அந்தப் பையன் திருப்பலி நேரத்தில் கோயிலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கிறான். நாம் அவனைக் குறை சொல்கிறோம்.

திமொத்தேயுமேல் கைகளை வைத்த பவுல் அடிகளார், பிறகு சிறையிலிருந்தும் அவருக்குக் கடிதம் எழுதினார். பெற்ற அருள்கொடையைத் தூண்டி எழுப்பச் சொன்னார். உறுதிபூசுதல் பெற்றவர் கிறிஸ்துவின் சாட்சியாக வாழக் கவனித்துக்கொள்வது ஞானப்பெற்றோரின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 892.

இன்றே உங்கள் ஞானப்பிள்ளைக்குப் போன் செய்யுங்கள். அதட்ட வேண்டாம். "எப்படியப்பா இருக்கிறாய்? உனக்காகச் செபிக்கிறேன்" என்று சொல்லுங்கள். வரும் ஞாயிறு அவனோடு சேர்ந்து திருப்பலிக்கு வாருங்கள். இறங்கிய கை மீண்டும் தோளில் ஏறட்டும். ஆமென்.