அனுமதிப்பத்திரமும் ஆயுத உரிமையும்

அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி தாங்குதல் என்பது உலகின் பெரும்பாலான நாடுகளிலே ஒரு குற்றத்தின் பெயராகும். ஐக்கிய அமெரிக்காவிலோ, 2024 ஆம் ஆண்டின் முடிவில், 50 மாநிலங்களுள் 29 மாநிலங்களில் அது குடிமக்களின் உரிமை ஒன்றின் பெயராகிவிட்டது. அம்மாநிலங்களிலே, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள வயதுவந்த ஒருவர், எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் செய்யாமலும் எந்தப் பரீட்சைக்கும் தோற்றாமலும், கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். இம்மாற்றத்தினால் பெற்றது எது, இழந்தது எது என்பது நேயர்கள் சிந்திக்கத்தக்க வினாவாகும்.

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791 இல் நிலைபெற்றது. ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று அது கூறுகின்றது. ஆயினும், அவ்வுரிமைக்கு எல்லை எதுவும் இல்லையென்று அந்நாட்டவர் தொடக்கத்திலே கருதினாரல்லர். 1813 இல் கென்டக்கி, லூசியானா ஆகிய இரு மாநிலங்களும் ஆயுதத்தை மறைத்துக் கொண்டுசெல்வதைத் தடைசெய்தன. வெளிப்படையாக ஆயுதம் தாங்குபவனிலும் மறைத்து வைத்திருப்பவனே அஞ்சத்தக்கவன் என்ற எண்ணம் அக்காலத்திலே பரவியிருந்தது. டெக்சாஸ் மாநிலம் 1871 இல், சில விதிவிலக்குகளுடன், கைத்துப்பாக்கி தாங்குவதையே தடுத்தது. நியூயோர்க் மாநிலத்தின் சலிவன் சட்டம் 1911 இல் வந்தது; மறைத்துக்கொண்டு செல்லக்கூடிய துப்பாக்கிகளுக்கு அது அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

இவற்றுக்கு விலக்காக நின்றது வேர்மொன்ட் மாநிலம். அங்குள்ள ரட்லண்ட் நகரத்தின் விதியொன்று, ஆயுதத்தை மறைத்துச் செல்ல விரும்புவோர் நகர முதல்வரிடமோ பொலிஸ் தலைவரிடமோ எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும் என்றது. 1903 இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாதெனத் தீர்த்தது. அன்று தொட்டு வேர்மொன்ட் தனிவழியே நடந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர், 2003 இல், அலாஸ்கா அவ்வழியைப் பின்பற்றியது. 2010 இல் அரிசோனா சேர்ந்தது. பின்பு சிற்றோடை பேராறாயிற்று. 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் டெக்சாஸ், டெனசி, அயோவா, யூட்டா, மொன்டானா ஆகியன இத்தகைய சட்டங்களை இயற்றின. 2022 இல் ஒகையோ, ஜோர்ஜியா, இந்தியானா, அலபாமா ஆகியனவும், 2023 இல் புளோரிடா, நெப்ராஸ்கா ஆகியனவும், 2024 இல் தென் கரோலினா, லூசியானா ஆகியனவும் தொடர்ந்தன. மறைத்த ஆயுதத்தை முதன்முதலிலே தடைசெய்த மாநிலங்களுள் ஒன்றான லூசியானா, 211 ஆண்டுகளின் பின்னர் அதற்கு அனுமதிப்பத்திரமே வேண்டாமென்றது.

இச்சட்டங்களை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பேச்சுரிமைக்கும் வழிபாட்டுரிமைக்கும் அரசின் அனுமதி வேண்டாதபோது, அரசியலமைப்பு வழங்கிய இன்னோர் உரிமைக்கு மாத்திரம் ஏன் வேண்டும் என்று அவர்கள் வினவுகின்றனர். குற்றம் புரியக் கருதியவன் அனுமதி கேட்டு வருவதில்லை. கட்டணமும் வகுப்பும் காத்திருப்பும் நேர்மையான ஏழையையே வருத்துகின்றன. இன்றிரவு தாக்கப்படுவோம் என்று அஞ்சும் பெண்ணுக்குச் சில வாரங்கள் கழித்து வரும் பத்திரத்தாற் பயனில்லை என்பர் அவர்.

ஆயினும் அனுமதிப்பத்திரம் வெறும் தாள் அன்று. டெக்சாஸ் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோமாக. அங்கே 2021 செப்டெம்பர் 1 ஆம் திகதிவரை, பொதுவிடத்திற் கைத்துப்பாக்கியை உடலிற் தாங்க விரும்புபவர் முன்வரலாறு பற்றிய சோதனைக்கு உட்படவேண்டும். 4 முதல் 6 மணி நேர வகுப்புக்குச் செல்லவேண்டும். குறிபார்த்துச் சுடும் திறனையும் காட்டவேண்டும். அவ்வகுப்பிலே துப்பாக்கியைக் கையாளுதல் மட்டுமன்றி, உயிர்போக்கும் பலத்தைச் சட்டம் எப்போது அனுமதிக்கின்றது என்பதும், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைக்கும் முறையும், பிணக்குகளை வன்முறையின்றித் தீர்க்கும் வழியும் கற்பிக்கப்பட்டன. விரும்புவோர் இன்றும் அதனைக் கற்று அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆனால் கற்றேயாகவேண்டும் என்ற நியதி அகன்றுவிட்டது. சினம் மிக்கவனே சினமடக்கும் பாடத்தை விரும்பித் தேடுவான் என்று எதிர்பார்த்தல் இயலுமா?

இன்னொன்றும் உண்டு. பாரதூரமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோர் முதலியோர் துப்பாக்கி வைத்திருத்தலை மத்திய சட்டம் தடுக்கின்றது. அத்தடையைப் புதிய மாநிலச் சட்டங்கள் நீக்கவில்லை. ஆனால் வாங்குபவரின் வரலாற்றைச் சோதிக்கவேண்டிய கடமையை மத்திய சட்டம் அனுமதி பெற்ற வணிகர்மீதே சுமத்தியுள்ளது. தம்மிடமுள்ள துப்பாக்கியொன்றை எப்போதாவது விற்கும் தனியார்மீது சுமத்தவில்லை. தனியாரிடம் வாங்கியவர் முதலாவது வாயிலிற் சோதிக்கப்படாது நுழையலாம். அனுமதிப்பத்திரம் இரண்டாவது வாயிலாக இருந்தது. பல மாநிலங்களில் அவ்வாயிலும் காவலின்றித் திறந்துவிட்டது. இந்தியானாவில் 2022 இல் இச்சட்டம் விவாதிக்கப்பட்டபோது, மாநிலப் பொலிஸ் தலைவரே அதனை வெளிப்படையாக எதிர்த்தமை குறிப்பிடத்தக்கது.

சட்டத்தை அறியாதவருக்குப் பொறியும் ஒன்றுண்டு. பாடசாலை எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுசெல்வதை மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கின்றது. அந்த மாநிலமே வழங்கிய அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு அதில் விலக்குண்டு. பத்திரம் இல்லாதவருக்கு அவ்விலக்கு இல்லை. மாநிலம் குற்றமன்று என்பதைச் செய்தவாறே தெருவில் நடப்பவர், ஒரு பாடசாலையைக் கடக்கையில் மத்திய சட்டத்தின்முன் குற்றவாளியாகலாம்.

இம்மாற்றத்தை நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 இல் நியூயோர்க் வழக்கிலே, வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி தாங்கும் உரிமையை ஏற்றது. தனக்கு விசேட தேவை உண்டென விண்ணப்பகாரர் நிரூபிக்கவேண்டும் என்ற நியூயோர்க் நிபந்தனையையே அது நீக்கியது. முன்வரலாற்றுச் சோதனை, பாதுகாப்பு வகுப்பு முதலான திட்டமான நிபந்தனைகளோடு, தகுதியுள்ள அனைவர்க்கும் அனுமதி வழங்கும் முறைகளை அத்தீர்ப்பு வீழ்த்தவில்லை. ஆகவே அனுமதிப்பத்திரத்தைக் கைவிட்டமை, அம்மாநிலங்களின் சட்டசபைகள் தாமே தெரிந்துகொண்ட வழியாகும்.

உரிமை உண்டா, இல்லையா என்ற வினா அந்நாட்டில் ஒருவாறு தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது வேறொரு வினா: பிறர் உயிரைப் போக்கவல்ல கருவியோடு பொதுவிடத்துக்கு வருபவரிடம், அதனைக் கையாளக் கற்றிருக்கின்றாயா என்று கேட்கும் அதிகாரம் சமூகத்துக்கு வேண்டுமா? 29 மாநிலங்கள் வேண்டாமென்றன, ஏனையவை வேண்டுமென்றன. ஆயுதம் தாங்குபவரின் அச்சம் மெய்யானதே. அவருக்கு அருகே, ஆயுதமின்றி நடந்து செல்பவரின் அச்சமும் மெய்யானதே. முன்னவரின் அச்சத்துக்குப் புதிய சட்டம் விடையளித்துள்ளது. பின்னவருக்கு அனுமதிப்பத்திரம் அளித்துவந்த சிறிய உறுதிக்கு ஈடாக எதனையும் அது வைக்கவில்லை.