எபிசோட் 37: பழைய லேப்டாப்பும் பாலக்கோட்டுத் தக்காளியும்

இன்னைக்கு ஏஐ கிடையாது, புது போன் கிடையாது. பழைய லேப்டாப், அதுக்குள்ள இருக்கிற பேட்டரி, அவ்வளவுதான் மேட்டர்.

போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். என் சித்தப்பா பொண்ணு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கா. கோச்சிங் சென்டர் போகணும்னா தருமபுரி டவுனுக்கு பஸ் ஏறணும், காசும் வேணும். அதனால் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் கிளாஸ், பிடிஎஃப்பில் புத்தகம், ஆன்லைனில் மாக் டெஸ்ட். எல்லாத்துக்கும் ஒரே லேப்டாப். 2019ல் ப்ளஸ் டூ முடிச்சப்போ அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்.

அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் ஆரம்பித்தது. எனக்கும் அரசுப் பள்ளியில் படிக்கும்போது ஒன்று கிடைத்தது. நான் முதல் முதலாக கோடு எழுதினது அதில்தான். அதில் விண்டோஸ் கூடவே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கும். லினக்ஸ் என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது தெரியாமல் அதை கிளிக் பண்ணித்தான். அதனால் அந்த லேப்டாப்களை யாராவது "டப்பா"ன்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கு தங்கச்சி மாக் டெஸ்ட் எழுதிட்டு இருந்தா. 200 கேள்வி, 3 மணி நேரம். 120வது கேள்வியில் கரண்ட் போச்சு. அரை மணி நேரத்தில், பேட்டரி 25 சதவீதம்னு காட்டும்போதே, ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. டெஸ்ட் போச்சு.

"அண்ணா, இது தினமும் நடக்கிறதுதான். அப்பா இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுட்டு வேற வாங்கலாம்கிறாரு. 35 ஆயிரமாம்" என்றாள்.

சித்தப்பாவுக்கு 35 ஆயிரம் என்பது ஒரு போகத் தக்காளிக் காசு. அதுவும் விலை கிடைத்தால். சரி, முதலில் பேட்டரிக்கு என்னதான் ஆச்சுன்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

நீங்களும் செய்து பாருங்க, 2 நிமிஷ வேலை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறங்க. 'பவர்' என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற 3 எழுத்து. ஒரு இடைவெளி. ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடிச்சு என்டர் தட்டுங்க. ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும், பிரவுசரில் திறக்கலாம். அதில் 2 எண் முக்கியம். டிசைன் கெப்பாசிட்டி: பேட்டரி பிறந்தபோது எவ்வளவு கொள்ளும் என்பது. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி: இன்னைக்கு எவ்வளவு கொள்ளும் என்பது.

தங்கச்சி லேப்டாப்பில் முதல் எண் 32 ஆயிரம் சொச்சம், இரண்டாவது 11 ஆயிரத்துக்கும் கீழே. அதாவது மூணில் ஒரு பங்குதான் மிச்சம். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் மூணாவது எண்ணில்: சைக்கிள் கவுன்ட் 140. சில லேப்டாப்பில் இது காட்டாது, இதில் காட்டியது.

சைக்கிள் என்றால் 100 சதவீதம் அளவுக்கு சார்ஜைச் செலவழிப்பது. இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சைக்கிள் வரை ஓரளவு நல்லாவே தாங்கும். இது 140லேயே படுத்துவிட்டது. அப்போ உழைச்சுத் தேயலை. சும்மா இருந்தே கெட்டிருக்கு. எப்படி?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பார்த்திருக்கீங்களா? கூடையை விளிம்பு வரைக்கும் அமுக்கி நிரப்பி, மதிய வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? யாரும் எடுத்துச் சமைக்கவே வேண்டாம், சாயங்காலத்துக்குள் அடித்தட்டு கூழாகிவிடும். பாதிக் கூடை, நிழலில் இருந்தால் தாங்கும். லித்தியம் அயான் பேட்டரியும் அப்படித்தான். ஒரு செல் முழுசா நிரம்பினால் 4.2 வோல்ட். அந்த உச்சத்திலேயே, சூட்டிலேயே இருந்தால் உள்ளே தேவையில்லாத வேதிவினைகள் நடந்து, சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிக்கொள்ளும். திரும்ப வராது.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷம் வைத்தால் இழப்பு சுமார் 4 சதவீதம். அதே சூட்டில் முழு சார்ஜில் வைத்தால் 20 சதவீதம். 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 35 சதவீதம். ஒரே வருஷத்தில்!

இப்போ சித்தப்பா வீட்டைப் பாருங்க. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்திரை மாசத்தில் உள்ளே உட்கார முடியாது. லேப்டாப் கட்டில் மெத்தை மேல், காற்றுப் போகும் ஓட்டை அடைபட்டு. சார்ஜர் 24 மணி நேரமும் செருகியே இருக்கும். ஏன்? "எப்ப கரண்ட் போகும்னு தெரியாதே கண்ணு, ஃபுல்லா இருக்கட்டும்னுதான்" என்றார் சித்தி.

அந்தப் பயம் நியாயமானது. 2012ல் எங்க ஊரில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அதைப் பார்த்து வளர்ந்த வீடு இது. கரண்ட் வந்தா எல்லாத்தையும் சார்ஜில் போடு என்பது எங்க வீடுகளில் சட்டம். ஆனால் கரண்ட் போய்விடுமோ என்று எப்பவும் நிரப்பியே வைத்ததால்தான், கரண்ட் போனபோது பேட்டரி கைவிட்டது. இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் நினைவு வைக்கணும்னா, இதை வச்சுக்கோங்க.

சரி, என்ன செய்தோம்? பேட்டரி லைஃப் என்று சொல்லும்போது நாம் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, இன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓடும். இன்னொன்று, இன்னும் எத்தனை வருஷம் வரும். போன லித்தியத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. ஆனால் இருக்கிற 11 ஆயிரத்தை மெதுவாகச் செலவழிக்கலாம், இருக்கிறது மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் செலவு. அந்த ரிப்போர்ட்டிலேயே பேட்டரி யூசேஜ் பகுதியில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைந்தது என்று இருக்கும். கணக்குப் போட்டால் 17 வாட். அதிகம். பிரைட்னஸ் முழுசாக இருந்தது, பாதிக்கும் கீழே இறக்கினோம். அடுத்து, ஸ்டார்ட்அப்பில் ஓடிய தேவையில்லாத புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினோம். பவர் ஆப்ஷனில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும். அதை 100லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான பழைய லேப்டாப்களில் டர்போ வேகம் நின்றுவிடும். பிடிஎஃப் படிக்க டர்போ எதுக்கு?

நிறைய பேர் கவனிக்காதது யூடியூப். இப்போது வீடியோக்கள் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வருகின்றன. புது சிப்களில் இதை விரிக்கத் தனி ஹார்டுவேர் உண்டு. பழைய சிப்களில் இல்லை, மொத்த வேலையும் சிபியு தலையில் விழும். ஃபேன் கத்தும், பேட்டரி கரையும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்க, எந்த வடிவம் என்று தெரியும். ஹெச்.264 மட்டும் கேட்கும்படி செய்யும் சின்ன பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு, 480பி-யில் வைத்தோம். போர்டில் எழுதுவது தெரிந்தால் போதும் அவளுக்கு.

லேப்டாப்பை முழுசா ஆஃப் செய்து, பின்பக்கம் கழற்றி ஃபேனில் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தோம். அரை வருஷத்துப் பஞ்சு! மெத்தைக்குப் பதிலா இனி மரப்பலகை. இதெல்லாம் செய்தபின் 9 வாட்டுக்கும் கீழே வந்தது. அரை மணி நேரம் தாங்கியது, ஒரு மணி நேரம் 10 நிமிஷம் தாங்கியது. இழுவை குறைந்ததால் அந்த 25 சதவீதத்தில் டப்புன்னு நிற்பதும் போச்சு. தேய்ந்த பேட்டரியில் திடீரென்று அதிக கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் சரியும், அதனால்தான் அப்படி நின்றது.

அடுத்து, ஆயுள். லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப்பிலோ பயாஸிலோ சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கலாம், தேடிப் பாருங்க. லினக்ஸ் என்றால் டிஎல்பி என்ற கருவி, சில மாடல்களில் இதைச் செய்யும். இல்லையென்றால் 80 வந்ததும் கையால் கழற்றிவிட வேண்டியதுதான்.

"அப்போ கரண்ட் போனா?" என்றார் சித்தி. நல்ல கேள்வி. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளை முன்னாடியே அறிவித்துவிடும், பேப்பரில் வரும். அன்னைக்குக் காலையில் மட்டும் 100 வரை ஏற்று. மற்ற நாளில் 80. திடீர் கட்டுக்கு அது போதும்.

மாசம் ஒருமுறை பேட்டரியை பூஜ்யம் வரைக்கும் இறக்கணும்னு சொல்வாங்க. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான அறிவுரை. லித்தியத்துக்கு வேண்டாம்.

புது பேட்டரியும் ஒரு வழிதான். புது லேப்டாப்பைவிட எவ்வளவோ மலிவு. ஆனா நான் ஒருமுறை விலை குறைவுன்னு ஒரு கடையில் வாங்கி, 4 மாசத்தில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டது. பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனால் உடனே நிறுத்துங்க, குத்தாதீங்க, குப்பையில் போடாதீங்க, இ-வேஸ்ட் எடுக்கும் இடத்தில் கொடுங்க. வாங்கும்போது பார்ட் நம்பரும் வாட் ஹவரும் பழசோடு ஒத்துப்போகணும். பிஐஎஸ் முத்திரை, ஐஎஸ் 16046 எண் இருக்கணும். தங்கச்சி தேர்வு முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினா. மாக் டெஸ்ட் நடுவில் 40 நிமிஷம் கரண்ட் இல்லையாம். "200 கேள்வியும் முடிச்சேன்ணா" என்றாள். மார்க் எவ்வளவுன்னு கேட்டேன். "அதுக்கு பேட்டரி பொறுப்பில்லை"ன்னு வெச்சுட்டா.

வீட்டுப்பாடம்: உங்க வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பில் அந்த ரிப்போர்ட்டை எடுங்க. அந்த 2 எண்ணையும் எனக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு, சார்ஜரைக் கழற்றுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.